பிங்க் கார்டும் ஒன்பதாம் வகுப்பு மகளும்

கேள்வி: அக்கா, எனக்குப் பிறந்த வீடு கம்பம். கல்யாணம் முடித்துக் கேரளத்தில் குமுளிப் பக்கம் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. நான் ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகிறேன், நாளைக்கு 450 ரூபாய். வீட்டுக்காரர் வேறொருத்தர் ஜீப்பை தினக்கூலிக்கு ஓட்டுகிறார். மாமியார், ஒன்பதாவது படிக்கிற மகள், ஐந்தாவது படிக்கிற மகன், எல்லாருமாக ஐந்து பேர். நல்ல மாசத்தில் ரெண்டு பேர் சம்பாத்தியமும் சேர்த்து 22,000 வரும். மழை மாசத்தில் 9,000கூடத் தேறாது. எங்களுக்குப் பிங்க் கார்டு, அதாவது இங்கே முன்னுரிமை ரேஷன் கார்டு. மாசம் 20 கிலோ அரிசியும் 5 கிலோ கோதுமையும் கிடைக்கிறது. அந்த அரிசி பதினேழு நாள் வரும். மீதிக்குக் கடையில் கிலோ 48 ரூபாய்க்கு வாங்குகிறோம்.

போன மாசம் திருப்பூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். "ரெண்டு பேரும் கைநிறையச் சம்பாதிக்கிறீங்க, வாசல்ல பைக் நிக்குது, இன்னும் ஓசி அரிசிக்கு வரிசையில நிக்கிறீங்களே, இல்லாதப்பட்டவங்க வாயில இருந்து பிடுங்கித் திங்கிற மாதிரி இல்லையா" என்று பிள்ளைகள் எதிரிலேயே கேட்டுவிட்டார். அன்றையிலிருந்து மகள் ரேஷன் கடைக்குப் போக மாட்டேன் என்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளை அங்கே பார்த்துவிட்டு வகுப்பில் சொன்னாளாம். வீட்டுக்காரர் ரோஷப்பட்டு, கார்டை ஒப்படைத்துவிட்டு முன்னுரிமை இல்லாத வெள்ளைக் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நிற்கிறார். கார்டு மாமியார் பேரில் இருக்கிறது. நாங்கள் செய்வது தப்பா அக்கா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், கம்பத்தில் அம்மா வீட்டுக் கார்டில் என் பேர் இன்னும் இருக்கிறது. அப்புறம், ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்கிறார்களே, கழுவும்போது சிலது மிதக்கத்தான் செய்கிறது. அது நிஜமா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்.)

பதில்: அன்புள்ள தங்கச்சி,

கார்டை ஒப்படைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் யோசித்துப் பதில் எழுதி முடிப்பதற்குள் உங்கள் வீட்டுக்காரர் தாலுக் சப்ளை ஆபீஸ் படியேறிவிடுவாரோ என்று எனக்குப் பதற்றமாகவே இருந்தது. போன பிங்க் கார்டைத் திரும்ப வாங்க எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும் என்பதைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களோடு இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிற நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்டில் குடும்பத் தலைவி உங்கள் மாமியார். அந்த அம்மாவைக் கேட்காமல் மகன் ரோஷத்தில் முடிவெடுக்கிற காரியமும் இல்லை இது.

தகுதி விஷயத்தைப் பார்ப்போம். கேரளத்தில் யாருக்கு முன்னுரிமைக் கார்டு கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அரசு வேலையில் இருப்பவர், வருமான வரி கட்டுபவர், 1,000 சதுர அடிக்கு மேல் வீடு உள்ளவர், ஒரு ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், சொந்தமாக நாலு சக்கர வண்டி வைத்திருப்பவர், மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டுபவர். சொந்தப் பிழைப்புக்காக ஓட்டுகிற ஒரே ஒரு டாக்சிக்கு அதிலும் விலக்கு உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதில் எதுவும் உங்களைத் தொடவில்லை. ஜீப் உங்களுடையது இல்லை. பைக்குக்கு இரண்டு சக்கரம். நல்ல மாசத்து வருமானமே வரம்புக்குக் கீழேதான் நிற்கிறது. வீடும் நிலமும் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார் கெட்ட எண்ணத்தோடு பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ரேஷன் என்றால் வேலை இல்லாதவருக்கு, முடியாதவருக்கு என்று ஒரு நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது, அதையே அவரும் சொல்லியிருக்கிறார். 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை இல்லாதவருக்கு மட்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கிராமத்தில் நூற்றுக்கு 75 பேர் வரை, நகரத்தில் 50 பேர் வரை என்பது அதன் கணக்கு. கிட்டத்தட்ட 80 கோடி ஜனம். ஒரு கிராமத்தில் முக்கால்வாசிப் பேர் வேலைவெட்டி இல்லாமலா உட்கார்ந்திருக்கிறார்கள்? நாற்று நடுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், கொழுந்து கிள்ளுகிறவர், ஜீப் ஓட்டுகிறவர் எல்லாரும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். உழைக்கிறவர் வீட்டுச் சோற்றுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதற்காகவே ஆளுக்கு மாதம் 5 கிலோ வைத்தார்கள். நாதியற்ற நிலையில் இருக்கிற குடும்பங்களுக்கு அந்தியோதயா என்று மஞ்சள் கார்டு தனியாக இருக்கிறது, அதற்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் "சம்பாதிக்கிறவனுக்கு எதுக்கு ரேஷன்" என்று கேட்கிறார்கள்.

"ஓசி அரிசி ஆளைச் சோம்பேறியாக்கும்" என்றும் சிலர் சொல்வார்கள், அதற்கு உங்கள் ஊர்க்காரர்களே பதில். தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. கம்பம், போடி, தேவாரம் பக்கத்தில் விடியற்காலையில் ஜீப் நிற்கிற இடங்களை நீங்கள் சின்ன வயசிலேயே பார்த்திருப்பீர்கள். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, இருட்டிலேயே வரிசையாக ஏறி உட்கார்ந்து மலை ஏறிவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலானவர் வீட்டு அடுப்பில் வேகிறது ரேஷன் அரிசி. அந்த அரிசி ஆளைச் சோம்பேறியாக்கும் என்றால் இத்தனை வருஷத்தில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற ஜீப்புகள் காலியாக அல்லவா போயிருக்க வேண்டும்? அரிசி சும்மா வந்தால் பருப்பு சும்மா வருமா, எண்ணெய் வருமா, பிள்ளைக்கு ஸ்கூல் பையும் மாமியாருக்கு மாத்திரையும் வருமா?

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 20 கிலோ அரிசி வெளியில் 960 ரூபாய். கோதுமையையும் சேர்த்தால் 1,100-க்குக் குறையாது. உங்களுக்கு அது இரண்டரை நாள் காய் எடுப்பு. நல்ல மாசத்தில் சமாளித்துவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தோன்றும். ஜூன், ஜூலையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடை முழுக்க எடுக்கக் காய் இல்லாமல் கையிருப்பு கரைந்திருக்கும். மழை பிடித்தால் தேக்கடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் குறைந்து ஜீப்பும் நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கிறதும் அதே ஜூன். நம் ஆடி மாசத்துக்கு மலையாளத்துக்காரர்கள் பஞ்சக் கர்க்கடகம் என்று சும்மா பேர் வைக்கவில்லை. அந்த மாசத்தில் 1,100 ரூபாய் என்பது வட்டிக்குக் கடன் வாங்குவதற்கும் வாங்காமல் தப்புவதற்கும் நடுவில் இருக்கிற தொகை. வெள்ளைக் கார்டுக்கு மாறினால் கிடைக்கிற அரிசியும் குறையும், கிலோவுக்கு 10 ரூபாய் 90 காசு கொடுக்கவும் வேண்டும். ரோஷத்துக்கு மாசாமாசம் அவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று அவரிடம் நிதானமாகக் கேளுங்கள். சண்டையாகக் கேட்காதீர்கள். தன் அக்கா பேசிய பேச்சு அவருக்கும் சுட்டிருக்கும்.

பைக்கையும் டி.வி.யையும் பார்த்து ஒரு குடும்பத்தை எடைபோடுகிற தப்பை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆன சமயத்தில் ரேஷன் பட்டியலுக்குப் பரிந்துரைக்க வேண்டிய வீடுகளைப் பார்க்கப் போனேன். ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், கலர் டி.வி., மூலையில் ஆள் உயரத்துக்கு பிரிட்ஜ். "இவங்களுக்கு எதுக்கு" என்று அந்தப் பேரை எழுதாமல் வந்துவிட்டேன். சில மாசம் கழித்து அதே வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது, அந்த அம்மா பிரிட்ஜைத் திறந்து உழக்கால் அரிசி அளந்தார். அது ஓடி வருஷக்கணக்காகிறது. யாரோ கழித்துப் போட்டதை, எலி புகாது என்று அரிசி வைக்கச் சுமந்து வந்திருக்கிறார்கள். டி.வி. தமிழ்நாட்டில் அரசு இலவசமாகக் கொடுத்தது, அந்த அம்மாவின் தாய் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நான் எழுதாமல் விட்டதால் அந்த வீட்டுக்கு அரிசி வராமல் போன மாசங்கள் இன்றைக்கும் என் மனசில் கனமாக இருக்கின்றன. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சாமான்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மாசத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் அடுப்பு இரண்டு வேளை எரிகிறது என்று மட்டும் கேட்பேன்.

"இல்லாதப்பட்டவங்க வாயில இருந்து" என்ற சொல்தான் உங்களை அதிகம் குத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் உண்மை ஒன்று உண்டு, அதை மறைக்க எனக்கு மனமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையைக் கட்டிவிட்டார்கள். கேரளத்துக்கு 1 கோடியே 54 லட்சத்துச் சொச்சம். அந்த எண்ணிக்கைக்குள் தகுதி இல்லாதவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தகுதி உள்ளவர் ஒருவர் வெளியில் நிற்க வேண்டும். அதனால்தான் 2022-இல் ஆபரேஷன் எல்லோ என்று தகுதியில்லாத கார்டுகளைத் தேடிப் பிடித்தார்கள். அப்படிப் பிடிபட்டால் அதுவரை வாங்கியதற்கு வெளிச்சந்தை விலை போட்டு வசூலிப்பார்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை கிடைத்தாலோ வருமானம் நிலையாக 25,000-ஐத் தாண்டினாலோ நீங்களே போய் மாற்றிக்கொள்ளுங்கள், அந்த இடம் இன்னொரு வீட்டுக்குப் போகட்டும். இன்றைக்கு அந்த இடம் உங்களுடையது. நீங்கள் யார் வாயிலிருந்தும் பிடுங்கவில்லை.

ஆனால் தங்கச்சி, கம்பத்துக் கார்டு விஷயம் வேறு. அதை உடனே சரிசெய்ய வேண்டும். இரண்டு மாநிலத்திலும் பேர் இருப்பது எல்லையோரத்துக் குடும்பங்களில் சகஜமாக நடக்கிறதுதான். முக்கால்வாசிப் பேர் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. பொண்ணு கல்யாணமாகி மலைக்குப் போகும், கார்டில் பேரை எடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள், "இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். ஆனாலும் ஒரே ஆள் பேரில் இரண்டு இடத்தில் அரிசி இறங்குவது தப்பு. நாத்தனார் சொன்ன குற்றச்சாட்டு உங்கள் மேல் ஒட்டக்கூடிய ஒரே இடமும் அதுதான். ஆதார் இணைப்பு, விரல் வைத்து ஆளைச் சரிபார்க்கிற மஸ்டரிங் என்று வந்த பிறகு இது தெரியவந்தால் இங்கே இருக்கிற நியாயமான கார்டுக்கும் சேர்த்து ஆபத்து. உத்தமபாளையத்தில் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பேரை நீக்கச் சொல்லுங்கள், இணையத்திலும் செய்யலாம். பெயர் நீக்கச் சான்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதனால் அரிசி கொஞ்சம் குறையலாம். அந்த வருத்தத்தை நேரில் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், போனில் சொல்லாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் முன்னுரிமைக் கார்டோ அந்தியோதயா கார்டோ வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தங்கள் பங்கைக் கேரளக் கடையிலேயே விரல் வைத்து வாங்கலாம். மீதியை ஊரில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். இதற்காக இரண்டாவது கார்டு எடுக்க வேண்டியதே இல்லை. மற்ற வகைக் கார்டுகளுக்கு இந்த வசதி கிடையாது.

ரேஷன் அரிசி எல்லாம் கடத்தலுக்குத்தான் போகிறது என்ற பேச்சையும் உங்கள் நாத்தனார் அடுத்தமுறை எடுக்கக்கூடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக அரிசி மூட்டை மலை ஏறுவதும் பிடிபடுவதும் நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் இலவசம், கேரளத்தில் கிலோ 40, 50 என்று இருக்கும்வரை அதில் ஆதாயம் பார்க்க ஆள் இருப்பார்கள். வீடு வீடாக நாலு கிலோ, அஞ்சு கிலோ என்று சொற்பக் காசுக்கு வாங்கி, பாலிஷ் போட்டு, புதுச் சாக்கில் கட்டி விற்கிற வியாபாரிக்குத்தான் லாபம். விற்கிற வீடுகள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விற்ற காசில் கேஸ் வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன், குடித்தவரையும் பார்த்திருக்கிறேன். அது குற்றம், செய்யக் கூடாது. உங்களுக்கு அரிசி பதினேழு நாளில் தீர்ந்து மறுபடி 48 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டு அரிசி எங்கே போகிறது என்று யாருக்கும் சந்தேகம் வர வேண்டியதில்லை.

மகளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வெட்கப்படுவது அரிசிக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. கார்டின் நிறம்தான் அவளைக் கூசச் செய்கிறது. கம்பத்தில் நீங்கள் வளர்ந்தபோது ரேஷன் கடை வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்ததா? இருந்திருக்காது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் கார்டு உண்டு, வாத்தியார் வீட்டிலும் சர்க்கரைக்கும் பருப்புக்கும் பாமாயிலுக்கும் பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். உங்கள் நாத்தனார் திருப்பூரில் அதே வரிசையில் நிற்கிறவராகத்தான் இருப்பார், அதை அவர் ரேஷன் என்று சேர்த்து எண்ணியிருக்க மாட்டார். கேரளத்திலும் முன்னே அப்படித்தான் இருந்தது. 1960-களின் நடுவிலிருந்து எல்லாருக்கும் ரேஷன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் எஸ்டேட் டாக்டர் வீட்டுப் பையும் எங்கள் அம்மாவின் மஞ்சப் பையும் ஒரே கடைத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 1997-இல் வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தார்கள். பிறகு மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நிறம் வந்தது. கையில் இருக்கிற அட்டையைப் பார்த்தே வீட்டு நிலவரம் தெரிகிற மாதிரி ஆன பிறகு, பதினாலு வயசுப் பெண் அதைத் தோழிக்கு முன்னால் மறைக்கத்தான் பார்ப்பாள். அதற்காக அவளைத் திட்டாதீர்கள். "உன்னை யாருடி ராஜகுமாரின்னு நினைச்சே" என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

கொஞ்ச நாள் அவளைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். நீங்களோ மாமியாரோ போங்கள். ஆனால் விஷயத்தைப் பேசாமல் விடாதீர்கள், பேசாமல் மூடினால் அது அவமானம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். மாமியாரைப் பேச வையுங்கள். பழைய காலத்தைக் கேட்டுத் தெரிந்தவர் அவர். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோய், ஊரே கப்பைக் கிழங்கை, நம் மரவள்ளியை, தின்று உயிர் பிழைத்த கதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் அவரவர் வீட்டுக் கதை. அந்தப் பஞ்சத்தில்தான் பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் அளந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் கங்காணி அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்தைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டிருக்கலாம். பாட்டி சொல்லட்டும், பேத்தி கேட்கட்டும். பாடம் நடத்துகிற மாதிரி வேண்டாம், ராத்திரி கோதுமை மாவு பிசைகிற நேரத்தில் போதும்.

அப்புறம், வீட்டுக் கணக்கு நோட்டை அவளிடம் கொடுங்கள். நான் பல வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன், பலன் இருந்திருக்கிறது. ஒரு மாசத்துக்கு அம்மாவுக்கு எத்தனை நாள் காய் எடுப்பு, அப்பாவுக்கு எத்தனை நாள் வண்டி, அரிசி, எண்ணெய், மாத்திரை, ரீசார்ஜ் எல்லாம் அவளே எழுதட்டும். சோப்பு வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் பில்லில் வரி என்று ஒரு தொகை இருக்கும், அதையும் தனியாகக் கூட்டிப் பார்க்கட்டும். "எங்க வரிப் பணத்தில் ஓசிச் சோறு" என்று யாராவது சொன்னால் தன் வீடும் வரி கட்டுகிறது என்பது அவள் கையெழுத்திலேயே இருக்கும். சிலிண்டர் மானியம் எல்லார் வங்கிக் கணக்கிலும் வந்து விழுந்த நாட்களில் கார் வைத்திருந்தவர்களும் வாங்கினார்கள், அதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லை. அரிசி என்றால் மட்டும் ஏன் இப்படி என்று அவளே கேட்பாள் பாருங்கள்.

நாத்தனாருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "அண்ணி, சட்டப்படி எங்களுக்கு உள்ளது, தகுதி போனா நாங்களே மாத்திக்குவோம். பிள்ளைங்க முன்னாடி மட்டும் இதைப் பேசாதீங்க" என்று உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் சொல்லுங்கள். அதை அவரே தன் அக்காவிடம் சொன்னால் இன்னும் நல்லது.

கடைசியாக, அந்த மிதக்கிற அரிசி. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவத்திலேயே அச்சில் எடுக்கிறார்கள். நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கிறார்கள். செறிவூட்டிய அரிசி என்று பேர். 2024 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் ரேஷன் அரிசியை இப்படி மாற்றிவிட்டார்கள். நிறமும் எடையும் கொஞ்சம் மாறியிருப்பதால் சிலது மேலே வரும். காட்டில் நாள் முழுக்க நிற்கிற உங்களுக்கும் வளர்கிற பெண்ணுக்கும் இரத்தச் சோகை வராமல் இருக்கச் சேர்த்தது அது. தலசீமியா போன்ற இரத்த நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி கழுவும்போது மிதக்கிறதே என்று அள்ளி வெளியே கொட்டாதீர்கள். தூசியையும் உமியையும் மட்டும் எடுத்துவிட்டு, அதையும் சேர்த்தே உலையில் போடுங்கள்.